ஊதிய விசிலும் ஊதாத விசிலும்

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு பழைய வீடியோ கேசட் இருக்கிறது. ஓரத்தில் ஒட்டிய காகிதத்தில் பென்சிலால் ஒரு தேதி மட்டும்: 1988 ஜூன் 19. கேசட்டைப் போட்டுப் பார்க்கும் கருவி பழுதாகிப் பல வருடங்கள் ஆகின்றன. கேசட்டில் உள்ள கூடைப்பந்து ஆட்டம் இப்போது யூடியூபிலேயே கிடைக்கிறது. அதைத்தான் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கிறார். ஆனாலும் கேசட்டைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. கார் கம்பெனி வேலைக்காக வந்து டிட்ராய்ட்டின் புறநகர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அவரோ இங்கேயே பிறந்து, கார்த் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது டிட்ராய்ட் பிஸ்டன்ஸ் கூடைப்பந்து அணி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த அணிக்கு நடுவர்கள் இழைத்த அநீதிகளின் பட்டியல்.

அந்த ஜூன் 19 அன்று நடந்தது என்பிஏ கூடைப்பந்து லீக்கின் இறுதித் தொடரில் ஆறாவது ஆட்டம். நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்குக் கோப்பை. டிட்ராய்ட் அதற்குள் மூன்றை வென்றிருந்தது. ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட்டில், லேக்கர்ஸ் அணியின் சொந்த அரங்கில். மூன்றாவது கால்பகுதியில் டிட்ராய்ட்டின் ஐசையா தாமஸுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. நொண்டிக்கொண்டே ஆடி அந்த ஒரு பகுதியில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்தார். இறுதித் தொடரில் ஒரு கால்பகுதிக்கு அதுவே இன்றுவரை சாதனை. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் டிட்ராய்ட் 102, லேக்கர்ஸ் 99. பைரன் ஸ்காட் ஒரு கூடை போட்டு வித்தியாசத்தை ஒன்றாகக் குறைத்தார். 14 நொடிகள் மீதி இருந்தபோது, 41 வயதான கரீம் அப்துல்-ஜப்பார் தம் பேர்பெற்ற ஸ்கை ஹுக்கை எறிந்தார். பந்து உள்ளே போகவில்லை. விசில் ஊதியது. பில் லேம்பியர் மீது ஃபவுல்.

பெரியவர் சரியாக இந்த இடத்தில் ரிமோட்டை அமுக்கி நிறுத்துவார். கரீமின் வலது கை மேலே போயிருக்கும். லேம்பியர் அவர் பக்கத்தில் கைகளைத் தூக்கியபடி நிற்பார். “எங்கே படுகிறது, காட்டு” என்பார் என்னிடம். நான் ஒவ்வொரு முறையும் குனிந்து உற்றுப் பார்க்கிறேன். ஃபவுல் என்று சொல்லத் தக்க ஒன்றும் என் கண்ணுக்குப் படவில்லை. அமெரிக்காவே அதற்குப் ‘பேய் ஃபவுல்’ என்று பெயர் வைத்துவிட்டது. கரீம் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட, ஆட்டம் 103-102 என லேக்கர்ஸ் பக்கம் சாய்ந்தது. இரண்டு நாள் கழித்து நடந்த ஏழாவது ஆட்டத்தையும் 108-105 என அவர்களே வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

அன்று ஆடுகளத்தில் இருந்த நடுவர்கள் இரண்டு பேர். பத்து வீரர்கள், நான்கு கண்கள். மூன்றாவது நடுவர் நிரந்தரமாகச் சேர்ந்தது அடுத்த பருவத்தில்தான். விசிலை மறுபடி பார்க்கத் திரை கிடையாது, பயிற்சியாளர் முறையிட வழி கிடையாது. நடுவர் சொன்னது சொன்னதுதான். தவறோ சரியோ, ஆட்டம் முடிந்த பிறகு அதைப் பற்றி லீக் அறிக்கை விடும் வழக்கமும் இல்லை. பெரியவரின் கோபத்துக்கு இன்றுவரை எந்த அலுவலகமும் பதில் எழுதவில்லை.

இதே போன்ற இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, 2025 ஏப்ரல் 27. பிளே-ஆஃப் முதல் சுற்றில் நியூயார்க் நிக்ஸுடன் நான்காவது ஆட்டம், இம்முறை டிட்ராய்ட்டின் சொந்த அரங்கான லிட்டில் சீஸர்ஸ் அரீனாவில். முந்தைய பருவத்தில் 82 ஆட்டங்களில் வெறும் 14 மட்டுமே வென்று ஊரின் ஏளனத்துக்கு ஆளான அணி, இந்தப் பருவத்தில் 44 வென்று பிளே-ஆஃபுக்குள் வந்திருந்தது. தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் கிடைத்தது 2008க்குப் பிறகு அணி கண்ட முதல் பிளே-ஆஃப் வெற்றி. ஊர் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியவர் வீட்டில் சோஃபாவின் நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசி நொடிகள். நியூயார்க் 94, டிட்ராய்ட் 93. கேட் கன்னிங்ஹாம் எறிந்த பந்து உள்ளே போகவில்லை. கீழே ஒரு தள்ளுமுள்ளு. பந்து எப்படியோ மூலையில் நின்ற டிம் ஹார்டவே ஜூனியரிடம் வந்து சேர்ந்தது. அவர் எறிய எழும்பியபோது நியூயார்க்கின் ஜாஷ் ஹார்ட் பாய்ந்து அவர் உடம்பின் மேல் மோதினார். பந்து தப்பிப் போனது. விசில் ஊதவில்லை. மணி அடித்தது. டிட்ராய்ட்டின் பயிற்சியாளர் ஜே. பி. பிக்கர்ஸ்டாஃப் நடுவர்களின் பின்னால் கத்திக்கொண்டே போனார்.

அந்த மோதலுக்கு விசில் ஊதியிருந்தால் மூன்று ஃப்ரீ த்ரோ. இரண்டைப் போட்டாலே டிட்ராய்ட் முந்தியிருக்கும்.

இதன்பின் நடந்ததுதான் 1988இல் நடக்கவே முடியாத ஒன்று. ஆட்டம் முடிந்த சற்று நேரத்தில் தலைமை நடுவர் டேவிட் கத்ரி, பத்திரிகையாளர்களின் சார்பாகக் கேட்ட ஒரு நிருபரிடம், பதிவை மறுபடி பார்த்தோம், ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். மோதினேன் என்று ஹார்ட்டும் மறைக்கவில்லை. அது விதிக்கு உட்பட்டதா என்ற இடத்தில் மட்டும் நழுவினார். மறுநாள் லீக்கின் ‘கடைசி இரண்டு நிமிட அறிக்கை’யும் அதையே எழுத்தில் சொன்னது. நான் அதைக் கைபேசியில் திறந்து பெரியவரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“ஸ்கோரை மாற்றியிருக்கிறார்களா?”

இல்லை என்றேன். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த அறிக்கை 2015 மார்ச்சில் தொடங்கியது. நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களில் ஊதிய விசில், ஊதாமல் விட்ட விசில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, எதிரில் சரி, தவறு என்று குறித்து, ஊரறிய வெளியிடுகிறார்கள். வேறு எந்த விளையாட்டும் தன் நடுவர்களின் விடைத்தாளை இவ்வளவு விரிவாகத் திருத்தி வெளியே ஒட்டுவதாக எனக்குத் தெரியவில்லை. 2016இல் ஓக்லஹோமா சிட்டிக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடந்த ஆட்டத்தில் கடைசி 13.5 நொடிகளில் மட்டும் ஐந்து தவறுகளை நடுவர்கள் கவனிக்காமல் விட்டதாக இந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. அதில் ஒன்று, கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போட வேண்டிய டியான் வெய்ட்டர்ஸ், தம்மைத் தடுக்க நின்ற மனு ஜினோபிலியை முழங்கையால் தள்ளியது. அதுவரை யாரும் பார்த்திராத காட்சி அது. 2024இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு டைம் அவுட் கொடுத்திருக்க வேண்டும் என்றும் இதே அறிக்கை சொன்னது. அன்று தப்பித்ததும் நியூயார்க்தான். 1994இல் ஸ்காட்டி பிப்பென் மீது 2.1 நொடி மீதி இருக்கையில் ஊதிய விசிலால் சிகாகோவை 87-86 என வென்றதும் அதே நியூயார்க்தான். சிலருக்கு அப்படி ஒரு ராசி.

ஏப்ரல் 27க்கு வருவோம். இத்தனை வசதி இருக்கும்போது அந்த இடத்திலேயே திருத்தியிருக்கக் கூடாதா என்று என் மகன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். 2002-03 பருவத்தில் முதன்முதலாகத் திரையைப் பார்த்து முடிவு செய்யும் முறை வந்தது. மணி அடிக்கும் முன்பே பந்து கையை விட்டதா என்று பார்க்க மட்டும். 2014இல் நியூ ஜெர்சியின் சிகாகஸில் எல்லா ஆட்டங்களையும் ஒரே கூரையின் கீழ் கண்காணிக்கும் மையம் திறந்தார்கள். 2019-20இல் பயிற்சியாளர் ஒரு முறை முறையிடலாம் என்றார்கள். 2023-24 முதல், முதல் முறையீடு வென்றால் இரண்டாவதும் உண்டு. இவ்வளவும் இருந்தும் ஒரு ஓட்டை. பயிற்சியாளர் ஃபவுல் என்று முறையிட முதலில் ஒரு விசில் ஊதியிருக்க வேண்டும். நடுவர் ஊதிய ஃபவுலை எதிர்க்கலாம். ஊதாமல் விட்டதை எதிர்க்க முடியாது. ஹார்டவேக்கு நேர்ந்தது இரண்டாவது வகை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லேம்பியர் மீது ஊதிய விசில் இன்று ஊதப்பட்டிருந்தால், டிட்ராய்ட்டின் அன்றைய பயிற்சியாளர் சக் டேலி, கையில் ஒரு டைம் அவுட் மிச்சம் இருக்கும் பட்சத்தில், முறையிட்டிருப்பார். நடுவர் திரை முன் போய் நின்றிருப்பார். அந்த விசில் திரும்பப் பெறப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். ஹார்டவேக்கு நேர்ந்தது 1988இல் நேர்ந்திருந்தால்? அப்போதும் விசில் ஊதியிருக்காது, ஸ்கோரும் இதுவேதான். மன்னிப்பு மட்டும் கிடைத்திருக்காது. ஆக, இந்த 37 ஆண்டுகளில் வந்த கருவிகள் பெரியவரின் காயத்துக்கு மருந்து. என் காயத்துக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

நடுவர்களைப் பற்றி இவ்வளவு புலம்பும் டிட்ராய்ட் ரசிகன், தன் அணியின் ஆட்ட ஒழுக்கத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இங்கே நாங்கள் கொஞ்சம் தலைகுனிந்துதான் பேச வேண்டியிருக்கிறது. 1980களின் பிஸ்டன்ஸுக்கு நாடு வைத்த பெயர் ‘பேட் பாய்ஸ்’. சிகாகோவின் மைக்கேல் ஜோர்டன் கூடையை நோக்கி வந்தால் விழாமல் திரும்பக் கூடாது என்பது அவர்கள் வகுத்த திட்டம்; அதற்கு ‘ஜோர்டன் விதிகள்’ என்று பெயரே இருந்தது. அதே சமயம் அடி வாங்கியதும் உண்டு. 1987இல் பாஸ்டனுடன் ஐந்தாவது ஆட்டத்தில் ராபர்ட் பாரிஷ், லேம்பியரை எல்லோர் கண்முன்னும் குத்திக் கீழே தள்ளினார். நடுவர் ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. லீக் பின்னர் பாரிஷை ஒரு ஆட்டத்துக்கு நிறுத்திவைத்தது. ஆனால் அந்த ஆட்டத்தை அதற்குள் பாஸ்டன் 108-107 என வென்றிருந்தது. இன்றாக இருந்தால் பாரிஷ் குத்திய அடுத்த நிமிடம் உடைமாற்றும் அறைக்கு நடந்திருப்பார்.

வன்மையான ஃபவுலுக்கென்று தனி விதி 1990-91இல் வந்தது. இப்போது அதற்குப் புள்ளிக் கணக்கே உண்டு. பிளே-ஆஃபில் மூன்று புள்ளியைத் தாண்டினால் ஒரு ஆட்டத்துக்கு வெளியே உட்கார வேண்டும். 2016 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீனுக்கு அதுதான் நடந்தது. 3-1 என முன்னிலையில் இருந்த அணி, அவர் இல்லாமல் ஐந்தாவது ஆட்டத்தைத் தோற்று, பிறகு கோப்பையையே கோட்டைவிட்டது. கடுமையான விதிதான். ஆனால் காற்றில் எழும்பியவன் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கீழே போடுவது ஆட்டத்தின் பகுதி என்று யாரும் இன்று வாதாடுவதில்லை. இது பெரிய ஆதாயம். பெரியவர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். அவருடைய பேரன் பள்ளி அணியில் ஆடும் நாட்களில் மட்டும் ஒப்புக்கொள்வார்.

அன்று அடித்து ஏமாற்றினார்கள். இன்று விழுந்து ஏமாற்றுகிறார்கள். ஒரு விரல் தோளில் பட்டால் தலை பின்னால் வெட்டி இழுக்கப்படுகிறது, கைகள் காற்றில் பறக்கின்றன, ஆறரை அடி மனிதர் மரம் சாய்வதுபோல் சாய்கிறார். இந்தக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் யார் தெரியுமா? எங்கள் லேம்பியரேதான். தட்டினால் விழுந்து நடுவரின் இரக்கத்தைச் சம்பாதிப்பதில் அவருக்கு அந்த நாளிலேயே பேர் இருந்தது. பேய் ஃபவுல் அவர் மீதே ஊதப்பட்டபோது நாட்டில் பாதிப் பேர் உள்ளூரச் சிரித்திருப்பார்கள். இதைப் பெரியவரிடம் சொன்னதில்லை.

நடித்து விழுவதற்கு 2012-13இல் அபராதம் வந்தது. 2013 பிளே-ஆஃபில் லெப்ரான் ஜேம்ஸ் உட்பட மூவருக்கு ஆளுக்கு 5,000 டாலர் விதித்தார்கள். கோடிக் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அது காபிச் செலவு. 2023-24 முதல் ஆட்டத்தின் நடுவிலேயே தண்டனை: எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. புத்தகத்தில் விதி இருக்கிறது. நான் பார்த்த பிளே-ஆஃப் ஆட்டங்களில் அதற்காக விசில் ஊதிய நேரங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். சாய்ந்த மரங்களை எண்ண ஒரு தோப்பே வேண்டும்.

விரல் என்றதும் நினைவுக்கு வருகிறது. பயிற்சியாளர் முறையிட வேண்டுமானால் ஆள்காட்டி விரலைக் காற்றில் சுழற்றிக் காட்ட வேண்டும் என்பது விதி. இப்போது ஒவ்வொரு விசிலுக்கும், ஃபவுல் செய்தவர் முதலில் விரலைச் சுழற்றுகிறார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து சுழற்றுகிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ரசிகரும் சுழற்றுகிறார். தான் அடித்தது தனக்கே தெரிந்தவரும் முகத்தில் ஒரு சலனமுமின்றிச் சுழற்றுகிறார். 1988 பதிவில் லேம்பியர் விசில் கேட்டதும் கண்ணை அகல விரித்துத் திகைக்கிறார். அந்தத் திகைப்பாவது உண்மை.

நேரமும் மாறிவிட்டது. பழைய பதிவில் கடைசி இரண்டு நிமிடங்கள் ஓடிப்போகின்றன. இப்போது அதே இரண்டு நிமிடங்களில் எழுந்துபோய் டீ போட்டு வந்தாலும் நடுவர் திரை முன்னால்தான் நின்றுகொண்டிருப்பார். அரங்கமே நின்றபடி அவர் முதுகைப் பார்க்கிறது. ஒரு கூடை விழுந்தால் துள்ளிக் குதிக்கலாமா, காத்திருக்கலாமா என்று ரசிகன் முதலில் யோசிக்கிறான். தவறு குறைந்திருக்கிறது, ஐயமில்லை. அதற்கான விலையை ரசிகன் கொடுப்பது இந்த இடத்தில்தான்.

நடுவர்களின் தவறுகளை ஒளிவுமறைவில்லாமல் வெளியிட லீக்குக்கு ஒரு காரணம் இருந்தது. நடுவர் டிம் டோனஹி தாம் நடுவராக இருந்த ஆட்டங்களிலேயே பணம் கட்டியது 2007இல் வெளிவந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதன் பிறகு பழைய சந்தேகங்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன. முக்கியமாக 2002இல் சாக்ரமென்டோவுக்கு எதிரான ஆறாவது ஆட்டம். அதில் கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோ கிடைத்தது. அந்த ஆட்டம் சதி என்று டோனஹி பின்னர் குற்றம் சாட்டினார். லீக் மறுத்தது, எதுவும் நிரூபணமாகவில்லை.

அன்று சூதாட்டம் லீக்கின் பரம எதிரி. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின் மீதான தடையை நீக்கியது. அதே ஆண்டு லீக் ஒரு சூதாட்ட நிறுவனத்துடன் அதிகாரபூர்வ ஒப்பந்தம் செய்துகொண்டது. மிச்சிகனில் 2021 ஜனவரி முதல் கைபேசியிலேயே பந்தயம் கட்டலாம். ஏப்ரல் 27 அன்றும் இடைவேளையில் பந்தயச் செயலிகளின் விளம்பரங்கள் வந்தன. 1988இல் பெரியவர் கோபப்பட்டபோது நடுவருக்குக் கண் தெரியவில்லை என்றுதான் திட்டினாராம். 2025இல் என் அலுவலகத்தில் இளைஞர்கள் கேட்ட முதல் கேள்வி, நிக்ஸ் மீது யார் எவ்வளவு கட்டியிருந்தார்கள் என்பது. நடுவர் உண்மையை ஒப்புக்கொண்ட அன்றுகூட அதை நம்ப ஆளில்லை.

ஆட்ட ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போது விடக் கூடாத இன்னொரு காட்சி, 1991 மே 27. சிகாகோவிடம் நான்கு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்ற டிட்ராய்ட், நான்காவது முடிய 7.9 நொடிகள் இருக்கும்போதே களத்தை விட்டு வெளியேறியது. ஐசையாவும் லேம்பியரும் எதிரணியின் கையைக் குலுக்காமல், அவர்கள் பெஞ்சைத் தாண்டித் தலையைக் குனிந்தபடி நடந்தார்கள். ஜோ டுமார்ஸ், ஜான் சாலி போன்ற ஓரிருவர் மட்டும் கைகொடுத்தார்கள். பாஸ்டன் எங்களிடம் 1988இல் இப்படித்தான் நடந்துகொண்டது என்று ஐசையா பின்னாளில் காரணம் சொன்னார். 2020இல் வந்த ‘தி லாஸ்ட் டான்ஸ்’ ஆவணப்படத்திலும் ஜோர்டன் அதை ஏற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே ஐசையா 1988 இறுதித் தொடரில் ஆட்டம் தொடங்கும் முன் எதிரணியின் மேஜிக் ஜான்சன் கன்னத்தில் முத்தமிட்டார். அதே தொடரில் இருவரும் களத்தில் மோதியும் கொண்டார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் முரடர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

நியூயார்க் தொடர் 2025 மே 1 அன்று ஆறாவது ஆட்டத்தில் முடிந்தது. கடைசி நொடிகளில் நியூயார்க்கின் ஜேலன் பிரன்சன், தம்மைக் காத்து நின்றவரை ஒரு குலுக்கலில் நிலைதடுமாற வைத்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். 116-113. தொடர் முழுவதும் விசிலுக்காகத் தலையை வெட்டி இழுக்கிறார் என்று எங்கள் ஊர் திட்டித் தீர்த்த அதே பிரன்சன். அந்தக் கடைசி எறியில் யாரும் யாரையும் தொடவில்லை. நடுவரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

நான் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டேன். பெரியவர் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. களத்தின் நடுவில் இரண்டு அணியினரும் ஒருவரையொருவர் தழுவி, முதுகில் தட்டி, காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன இது, இவ்வளவு நேரமா கைகுலுக்குவார்கள்?” என்றார்.